பத்து மாசம் கடை, ரெண்டு மாசம் கேப்டன்

தம்பி, கொஞ்சம் தலையை அந்தப் பக்கமா சாச்சுக்கறீங்களா? தப்பா நெனைக்காதீங்க. மேல கம்பியில தொங்குது பாருங்க, அது என்ற யூனிபார்ம். பஸ் குலுங்கறப்பல்லாம் உங்க எண்ணெய்த் தலையில உரசுது. கறை பட்டுச்சுன்னா போகாதுங்க. பொட்டிக்குள்ள மடிச்சு வெச்சுக்கக் கூடாதான்னு கண்டக்டரும் கேட்டாரு. மடிச்சா மடிப்பு விழுமுங்களே! பதினாலு வருசமா பொள்ளாச்சியில இருந்து இப்படித்தான் கம்பியில மாட்டிக்கிட்டுப் போறேன்.

ஆமாங்க, பட்டாளம்தான். கேப்டன் சென்னியப்பன். தோள்ல மூணு நட்சத்திரம் இருக்குது, வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க. வயித்தைப் பாக்காதீங்க, அது கடையில உக்காந்து உக்காந்து வந்தது. பத்து மாசம் பொள்ளாச்சியில பம்ப்செட் மோட்டர் கடை, ரெண்டு மாசம் பட்டாளம். அப்படியும் ஒரு பட்டாளம் இருக்குதுங்க தம்பி. அவங்கவங்க பொழப்பைப் பாத்துக்கலாம், வருசத்துக்கு ஒருக்கா கேம்ப்புக்குப் போயி பயிற்சி எடுத்துக்கோணும். வெள்ளம் கிள்ளம்னு வந்துச்சுன்னா கூப்புடுவாங்க, போட்டது போட்டபடி ஓடோணும். என்ற டீம்ல கரண்ட் ஆபீஸ் லைன்மேன் இருந்தான், பேங்க் கிளார்க் இருந்தான், கோழிப்பண்ணைக்காரன் இருந்தான். மொத்தம் முப்பத்தியொரு பேரு. வெள்ளத்துல மாட்டிக்கிட்டவங்களை மீட்கற டீமுங்க.

நீங்க எங்கீங்க எறங்கறீங்க? சுந்தராபுரமா? அப்பச் சரி, கிணத்துக்கடவே இன்னும் வரல. சொல்லி முடிச்சுரலாம்.

இந்த முழுநேரப் பட்டாளத்துக்காரங்களுக்கு எங்களைக் கண்டா ஒரு இளக்காரமுங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. "அப்புறம் கேப்டன், கடை எப்படிப் போகுது?"ம்பாங்க. அந்தக் கேள்வியிலயே எல்லாம் இருக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், ஆபீசர் லட்சணம்னு பாத்தீங்கன்னா அவங்க எவனும் என்ற பக்கத்துல நிக்க முடியாது. பூட்ஸ்ல மூஞ்சி தெரியும். மீசைக்குத் தனியா ஒரு சீப்பு. பசங்களை நான் திட்டினதே இல்லை. ஞாயித்துக்கிழமைன்னா பிரியாணி, என்ற மேற்பார்வையில. வயிறு நெறைஞ்சாத்தானுங்க மனுசன் சொன்ன பேச்சு கேப்பான். கல்யாணம் காதுகுத்துன்னு பசங்க பத்திரிகை வெச்சா யூனிபார்ம்லயே போயி மேடையில நிப்பேன். மாப்பிள்ளையை விட்டுட்டு என்னையத்தான் போட்டோ எடுப்பாங்க. அவங்களுக்கு எவ்வளவு பெருமை!

இப்படிச் சீரும் சிறப்புமா போயிக்கிட்டு இருந்துச்சு. மேஜர் ஆகறதுக்கு ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அப்பத்தான் போன வருசம் கர்னல் ராத்தோர்னு ஒருத்தரு வந்து சேந்தாரு.

ராஜஸ்தான்காரருங்க. இருபத்தாறு வருசம் முழுநேர சர்வீஸ். ஒல்லியா, வெரைப்பா இருப்பாரு. சிரிக்கறதுக்குக்கூட மேலிடத்துல அனுமதி வாங்கோணும் போல. ஊட்டிப் பக்கம் நாலு வருசம் இருந்ததால தமிழ் நல்லாப் பேசுவாரு. அதுதான் எனக்கு வெனையாப் போச்சு. வந்த மொத நாளே என்ற பிரியாணியைச் சாப்புட்டுட்டு, "நல்லா இருக்கு. போட் எங்கே?"ன்னு கேட்டாரு. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு.

போட்டுல ஒரு மோட்டர் இருக்குமுங்க, பின்னாடி மாட்டறது. கேம்ப் நடக்கறப்ப தெனமும் காலையில அதைக் கழட்டி, தண்ணி டிரம்முக்குள்ள எறக்கி, பத்து நிமிசம் ஓட்டிப் பாக்கோணும். ஆபீசர் பக்கத்துல நின்னு பாத்துட்டு, ரிஜிஸ்தர்ல அன்னைக்குக் கட்டத்துல கையெழுத்துப் போடோணும். சட்டம் அப்படி. நான் யாருங்க? பம்ப்செட்காரன்! மோட்டரைத் தட்டிப் பாத்தே ஜாதகம் சொல்லுவேன். எனக்கு டிரம் எதுக்கு? அதனால மொத நாளே உக்காந்து அந்த மாசத்து முப்பது கட்டத்துலயும் மொத்தமாக் கையெழுத்துப் போட்டுருவேன். ஒரே பேனா, ஒரே மூச்சு. அந்த டிரம்மும் சும்மா கெடக்கல. குடும்பத்தோட வர்ற நாள்ல அதுல ஐஸ் போட்டுக் கலர் பாட்டிலை ஊற வெப்போம். ஆபீசர் சம்சாரங்க எல்லாரும் குளுகுளுன்னு குடிச்சுட்டு என்னையத்தான் புகழ்வாங்க.

கேம்ப் ஆரம்பிச்சு பத்தொம்பதாவது நாள். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி இருக்கும். பிரியாணி தம்ல இருக்குது. அப்ப வந்துச்சுங்க உத்தரவு. பவானி ஆத்துல தண்ணி ஏறிப் போச்சு, கரட்டுப்புதூர்ல ஒரு மாட்டுக்கொட்டாய்க் கூரை மேல ஆளுங்க மாட்டிக்கிட்டு இருக்கறாங்க, ஒடனே கெளம்புங்கன்னு.

கெளம்பினோம். சும்மா சொல்லக் கூடாது, இருபத்தஞ்சே நிமிசத்துல லாரியில ஏத்தியாச்சு. எடம்தான் பத்தல. பெரிய அண்டாவை ஏத்தோணுமே! பசங்க வெறும் வயித்தோட ஆத்துல எறங்கறதாங்க? "துடுப்பை எறக்குங்கடா, மோட்டர் இருக்கறப்ப அது எதுக்கு"ன்னு சொன்னேன். ரங்கராசுன்னு ஒரு நாயக்குங்க, நாயக்னா ரெண்டு பட்டை வெச்சவன். மத்த நாள்ல நகராட்சித் தண்ணி லாரி டிரைவர். பேச்சே வராது அவனுக்கு. அவன் மட்டும் துடுப்பைக் கையில புடிச்சுக்கிட்டே நின்னான். "சார், ரெண்டு துடுப்பாச்சும் போட்டுக்கலாமுங்க சார்"ன்னான். "ரங்கராசு, எனக்கு மோட்டரைப் பத்திச் சொல்லித் தராதே"ன்னேன். எறக்கி வெச்சுட்டான்.

போயிப் பாத்தா, யப்பா, ஆறு ஆறாவே இல்லைங்க. செகப்பா, நொரை கக்கிக்கிட்டு, முழு மரத்தையே உருட்டிக்கிட்டு வருது. நடுவுல அந்தக் கூரை. அது மேல புருசன், பொண்டாட்டி, புருசனோட தங்கச்சி, ஆறு மாசக் கைக்கொழந்தை. கரையெல்லாம் சனம்.

பேப்பர்க்காரன் ஒருத்தன் கேமராவோட வந்துட்டான். ரங்கராசுதான் போட்டை ஓட்டறவன். கூட லைன்மேன் பையன் போறதா ஏற்பாடு. நான் லைன்மேனை எறக்கிட்டு ஏறினேன். போட்டோவுக்கான்னு கேக்கறீங்களா? சேச்சே. தலைவன் முன்னால நிக்கோணுமுங்க. போட்டோவும் எடுத்தான், அது வேற. அவங்க பசியில இருப்பாங்களேன்னு சின்ன அண்டாவுல பிரியாணியும் கரண்டியும் ஏத்திக்கிட்டேன். எல்லாத்தையும் யோசிக்கற ஆளு நானு.

போறப்ப மோட்டர் ஜம்முன்னு ஓடுச்சு. "பாத்தியா?"ன்னேன் ரங்கராசுகிட்ட. கூரையை ஒட்டி நிறுத்தி ஒவ்வொருத்தரா எறக்கினோம். பெத்தவ, அந்தப் பொண்ணு, கொழந்தையைத் தூக்கி என்ற கையில குடுத்துருச்சு. சின்ன உசுருங்க, ஒரு தேங்காய்க் கனம்கூட இல்லை. என்ற சட்டையில ஒண்ணுக்குப் போயிருச்சு.

திரும்பி வர்றோம். ஆத்துக்கு நட்ட நடுவுல மோட்டர் ரெண்டு தடவை இருமுச்சு. நின்னுருச்சு.

சின்னக் கோளாறுதானுங்க. பத்தொம்பது நாளா ஓடாததால பெட்ரோல் குழாயில அழுக்கு சேந்து அடைச்சுக்கிச்சு, அவ்வளவுதான். எந்த மோட்டருக்கும் வர்றது. ரங்கராசு ஸ்டார்ட் பண்ற கயித்தை இழுக்கறான், இழுக்கறான், பதினோரு தடவை இழுத்தான். நான் எண்ணினேன். போட்டு பக்கவாட்டுல திரும்பிக்கிட்டு ஓடுது. கீழ தடுப்பணை. அந்தச் சத்தம் கேக்குதுங்க, ஓன்னு. அந்தப் பொண்ணு கத்தக்கூட இல்லை, என்ற கையையே பாத்துக்கிட்டு இருக்குது. கொழந்தை இருக்கற கையை.

துடுப்பு எங்கே? கேம்ப்புல சுவத்துல சாஞ்சு நிக்குது.

அப்ப இந்த ரங்கராசு என்ன பண்ணினான் தெரியுங்களா? என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. பிரியாணியோட அண்டாவைத் தூக்கி ஆத்துல வீசிட்டான்! மூடியை மட்டும் கையில எடுத்துக்கிட்டான். முட்டி போட்டு உக்காந்து அந்த மூடியால தண்ணியைத் தள்ளறான். அந்தப் புருசங்காரனுக்குக் கரண்டியைக் குடுத்து, "அந்தப் பக்கம் தள்ளுங்கண்ணா"ங்கறான். தங்கச்சி ரெண்டு கையாலயும் தண்ணியை வாரி வாரி எறியுது. அரைக் கிலோமீட்டர் போனோம் அப்படி. ஒரு தென்னந்தோப்பு தண்ணிக்குள்ள முழுகி நின்னுச்சு. ஒரு மரத்தை ரங்கராசு தாவிக் கட்டிப் புடிச்சான். உள்ளங்கை தோல் உரிஞ்சு போச்சு, ஆனா விடல. ஊர்க்காரங்க கயிறு வீசி இழுத்தாங்க.

எல்லாரும் பத்திரம். ஒரு கீறல் இல்லை, ரங்கராசு கையைத் தவிர. மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சுங்க, கொழந்தையும் நானும். கண்ணெல்லாம் செவந்து இருக்கும் அதுல. ஆத்துத் தண்ணி தெறிச்சது.

கிணத்துக்கடவு தாண்டிட்டோமா? சரி. மறுநாள் கர்னல் கூப்புட்டாரு. சபாஷ் சொல்லுவாருன்னு புது சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். மேசை மேல ரிஜிஸ்தரைத் திறந்து வெச்சிருக்கறாரு.

"இன்னைக்குத் தேதி இருபது. முப்பது வரைக்கும் நீ மோட்டரை ஓட்டிப் பாத்துட்டதா கையெழுத்து இருக்கே. எப்படி?"

"முன்கூட்டியே சார்"ன்னேன்.

அவரு ரிஜிஸ்தரை என்ற பக்கம் திருப்பி வெச்சாரு. "கேப்டன், உன் கடையில ஒரு மோட்டரை ஓட்டிக் காட்டாம விப்பியா?"

எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இருபத்திரண்டு வருசமா கடை வெச்சிருக்கறேன். தொட்டியில எறக்கி, தண்ணி பாய்ச்சிக் காட்டாம ஒரு மோட்டர் என்ற கடைப்படி தாண்டினது இல்லை!"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

அவரு ரிஜிஸ்தரை மூடினாரு. பொறகு, "நீ ரெண்டு மாசம்தான் பட்டாளம். பவானி பன்னெண்டு மாசமும் ஆறுதான்"ன்னாரு. இது என்ன பேச்சுங்க? யாருக்குத் தெரியாது?

அன்னைக்குச் சாயந்தரம் இன்னொரு கூத்து. அந்தக் கர்னலுக்கு ஒரு பழக்கமுங்க. நெசமான வேலைக்கு ஒரு டீம் போயிட்டு வந்துச்சுன்னா, ஆபீசருங்களை வெளிய அனுப்பிட்டு, பசங்களோட தரையில சம்மணம் போட்டு உக்காந்து டீ குடிப்பாரு. ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரே கேள்விதான் கேப்பாரு. "இவரோட மறுபடியும் ஆத்துல எறங்குவியா?" ஆபீசரைப் பத்திச் சிப்பாய்கிட்டக் கேக்கறதாங்க? எங்க பட்டாளத்துல இதுக்கு முன்ன எந்தக் கர்னலும் செஞ்சது இல்லை. ஆனா எனக்குப் பயமே இல்லை. என்ற பசங்க, என்ற பிரியாணி.

எட்டு மணிக்குக் கூப்புட்டுச் சொன்னாரு. "முப்பது பேரு ஒரே பதில் சொன்னாங்க. ஒருத்தன் மட்டும் வேற பதில். அந்த ஒருத்தனாலதான் உன் விஷயத்துல நான் இன்னும் முடிவு எடுக்கல."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? முப்பது பேரு என்ற மேல உசுரா இருக்கறாங்க, ஒரே ஒருத்தன் வேட்டு வெச்சுட்டான். ஒருத்தனால மேஜர் நிக்குது! யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாரு. சொல்லோணுமா என்ன? எனக்குத் தெரியாதா? துடுப்பைப் புடிச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னவன் யாரு? பிரியாணியை ஆத்துல கொட்டினவன் யாரு?

விடியறதுக்காகக் காத்திருந்து போட் கொட்டகைக்குப் போனேன். ரங்கராசு அந்த மோட்டரைப் பிரிச்சுப் போட்டு, கட்டுப் போட்ட கையோட குழாயை ஊதிக்கிட்டு இருந்தான். என்னையப் பாத்து எந்திரிச்சான்.

"அந்த ஒருத்தன் நீதானே?"ன்னேன்.

"ஆமாங்க சார். நான்தானுங்க"ன்னான். கொஞ்சம்கூடத் தயக்கமில்லை!

அவ்வளவுதான், புடிச்சுக்கிட்டேன். நன்றி இருக்குதாடா உனக்கு? உன்ற தங்கச்சி கல்யாணத்துக்கு வேகாத வெயில்ல கோட்டு கழட்டாம மேடையில நின்னனேடா. உங்கப்பனுக்கு ஆஸ்பத்திரியில எடம் வாங்கிக் குடுத்தது யாரு? உன்னையப் பேர் சொல்லிக் கூப்புடற ஆபீசர் இந்தப் பட்டாளத்துல வேற எவன் இருக்கறான்? மத்த முப்பது பேரைப் பாருடா, அவங்க மனுசனுங்க! அஞ்சு நிமிசம் விடாம பேசினேன். மூச்சு வாங்குது. அவன் குழாயைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னு கேட்டான். எல்லாம் முடிஞ்சதும்தான் வாயைத் திறந்தான்.

"சார், உங்களோட வர்றேன்னு சொன்னது நான் ஒருத்தன்தானுங்க."

பக்கத்துல அந்த டிரம் இருந்துச்சு. அது மேல உக்காந்துட்டேனுங்க.

அங்க இருந்தே கேட்டேன், "மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க சார்."

"லைன்மேனுமா?"

அவன் கீழ பாத்தான். லைன்மேன் பையன் ரெண்டு தட்டு பிரியாணி சாப்புடுவானுங்க. நானே கரண்டியை எடுத்துப் போடுவேன்.

"நீ மட்டும் எதுக்குடா?"ன்னேன். "துடுப்பை எறக்கச் சொன்னது நான். மோட்டரை ஓட்டிப் பாக்காம விட்டது நான். உன்ற கைதான் உரிஞ்சு கெடக்குது. நீ எதுக்கு வர்றேன்னு சொன்னே?"

அவன் தலையைச் சொறிஞ்சான். பேச வராதவனுங்க. தேடித் தேடித்தான் பேசினான்.

"அவங்கல்லாம் கரையில நின்னாங்க சார். நான் போட்டுல இருந்தேன். கொழந்தையை நெஞ்சோட வெச்சுக்கிட்டு நீங்க அழுதீங்க. 'துடுப்பை எறக்குனது நான்தானே, நான்தானே'ன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுதீங்க. அதை நம்ம பசங்கள்ல வேற யாரும் பாக்கலீங்க. அடுத்த தடவை இவரு துடுப்பை எறக்க மாட்டாருன்னு எனக்குத் தோணுச்சு. புதுசா வர்ற ஆபீசரு எறக்குவாரா, மாட்டாரா, எனக்கு எப்படிங்க தெரியும்?"

"மூஞ்சியில தண்ணி தெறிச்சுதுடா"ன்னேன்.

"சரிங்க சார்"ன்னான்.

தண்ணி தெறிக்கலீங்க தம்பி. அழுதேன். என்ற ஊட்டுக்காரிகிட்டக்கூட இதைச் சொல்லல. கடைக்கு வர்றவங்க அந்தப் போட்டோவைப் பாத்து, "வெள்ளத்துல தைரியமா நின்னீங்களே"ம்பாங்க, நானும் மீசையைத் தடவிக்குவேன். உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்க சுந்தராபுரத்துல எறங்கிப் போயிருவீங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்க. அந்தப் பொண்ணு என்ற கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு பாருங்க, கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்னைக்கே ராஜினாமா எழுதி எடுத்துக்கிட்டுக் கர்னல்கிட்டப் போனேன். வாங்கிப் படிச்சாரு. "ஒருத்தன்கூட இல்லாம இருந்திருந்தா இதை நானே எழுதச் சொல்லியிருப்பேன்"ன்னாரு. "ஒருத்தன் இருக்கான். அதுக்கு ஒரு கேம்ப் தர்றேன். அடுத்த வருசக் கேம்ப் கடைசியில அதே முப்பத்தியொரு பேரோட உக்காந்து அதே கேள்வியைக் கேப்பேன்." டீமை வேற ஒரு கேப்டனுக்குக் குடுத்துட்டாரு. எனக்குப் போட் கொட்டகை. டெக்னிக்கல் பொறுப்புன்னு ஊட்டுல சொல்லி வெச்சிருக்கறேன், கேட்டா ஒசத்தியாத்தான் இருக்குது. எனக்குக் கீழ எத்தனை பேருன்னா? ரங்கராசு ஒருத்தன்தான். அவனாக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்திருக்கறான்.

இந்த வருசக் கேம்ப் இன்னைக்கா? இல்லைங்க, திங்கக்கிழமைதான். இன்னைக்குப் புதன். யாரும் வரச் சொல்லல, நானாத்தான் போறேன். டிரம்மைக் கழுவித் தண்ணி ரொப்பி வெக்கோணும். கொட்டகையில இருக்கற நாலு மோட்டரையும் ஒவ்வொண்ணா எறக்கி ஓட்டிப் பாக்கோணும். கேம்ப் ஆரம்பிக்கறதுக்கு முன்ன ரிஜிஸ்தர்ல கட்டமே கெடையாதுங்க, கையெழுத்துப் போடற வேலையும் இல்லை. கடையை ஊட்டுக்காரி பாத்துக்குவா. ஞாயித்துக்கிழமை பிரியாணி உண்டான்னு ரங்கராசு போன்ல கேட்டான். "வேலை முடிஞ்சா பாக்கலாம்"னேன். அவன் சிரிச்சு இப்பத்தான் கேக்கறேன்.

ஈச்சனாரி வந்துருச்சு. அடுத்து நீங்க எறங்கோணும், பையை எடுத்துக்குங்க. என்னங்க? மேஜரா? அதை விடுங்க தம்பி. நேத்துச் சாயந்தரம் கடையை அடைச்சுட்டு உக்காந்து, ஒரு காகிதத்துல அந்த முப்பத்தியொரு பேரையும் எழுதினேன். பேர் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. எவனுக்கு நீச்சல் தெரியும், எவனுக்குத் தெரியாதுன்னு எழுதலாம்னு பாத்தேன். பதினாலு வருசத்துல அது எனக்குத் தெரியவே இல்லைங்க. அதைத்தான் மொதல்ல கேக்கப் போறேன். திட்டினாலும் திட்டுவானுங்க, லைன்மேன் மூஞ்சியைத் திருப்பிக்குவான். திருப்பிக்கட்டும், நான் நின்னு கேக்கறேன்.

கடைசி நாள் டீ குடிக்கறப்ப கர்னல் அந்தக் கேள்வியைக் கேப்பாரு. போன வருசம் ஒண்ணு. இந்தத் தடவை ரெண்டு வந்துச்சுன்னாப் போதுமுங்க எனக்கு.